பேர் சொல்லி ஊற்றிய தண்ணீர்

இது நடந்தது. கைச்சரக்காகச் சேர்த்தது ஒரு வரி கூட இல்லை. நம்ப மனமில்லாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், வருத்தமில்லை. ஆனால் படித்து முடித்த பிறகு, சமையலறைக்குத் தனியாகத் தண்ணீர் குடிக்கப் போக முடியவில்லை என்று சண்டைக்கு வரக் கூடாது. இதில் சுடுகாடு கிடையாது, புளியமரம் கிடையாது, வெள்ளைச் சேலை கிடையாது. நடுராத்திரி கூடக் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், கத்திரி வெயிலில், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற உச்சி நேரத்தில் நடந்தவை. இருட்டில் வருவதற்குப் பயந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். வெயிலில் வருவதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அறிவழகனுக்கு வரதராஜன்பேட்டைப் பக்கம் ஊர். முந்திரிக் காட்டுக்கு நடுவே கொஞ்சம் வீடுகள். செம்மண் பூமி, கிணறு வெட்டினால் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவன் ஜெயங்கொண்டம் வரைக்கும் கிணறு தூர் வாரப் போய்க்கொண்டிருந்தவன். ஒல்லி உடம்பு, ஆழத்துக்குப் பயமில்லை. பிறகு பிள்ளை பிறந்தது, செலவு கூடியது, எல்லாரையும் போல அவனும் வளைகுடாவுக்கு விமானம் ஏறினான். எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை. அவனே வேண்டாம் என்றுவிட்டான்.

கட்டட வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினார். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கட்டுகிற வேலை இல்லை, தோண்டுகிற வேலை. பாலைவனத்தின் நடுவில் ஒரு பழைய நகரம். ஒட்டகம் மேய்த்த யாரோ ஒருவர் கண்ணில் சுவரின் தலை பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு பேராசிரியர்கள் வந்து, கூடாரம் அடித்து, மணலை அள்ளத் தொடங்கியிருந்தார்கள். அள்ளுகிற கூலிக்காரர்களில் அறிவழகனும் ஒருவன். கூட பெரம்பலூர்ப் பக்கத்து எறையூர்க்காரன் முத்தமிழ்செல்வனும் இருந்தான். பெரம்பலூரும் அரியலூரும் ஊரில் இருக்கும்போது தனித்தனி மாவட்டம். பாலைவனத்தில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்த நகரத்தின் கதையை வேலை செய்கிற இடத்தில் கேட்டுக் கேட்டு அவனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம். சாம்பிராணி மூட்டை ஏற்றிய ஒட்டகங்கள் தெருவை அடைத்து நிற்கும். மலையிலிருந்து கல் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு மலையில் ஊற்று வற்றியது. வாய்க்கால் காய்ந்தது. ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் இறங்கியது. வசதி உள்ளவர்கள் முதலில் கிளம்பினார்கள், அப்புறம் நடக்கத் தெம்புள்ளவர்கள், கடைசியில் எங்கேயும் போக முடியாதவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்கள் மேல் மணல் ஏறியது. ஊர்க் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர் வருகிறது என்று அலுத்துக்கொண்டு கிளம்பியவன், தண்ணீர் இல்லாமல் செத்த ஊர் ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். விதிக்கு நக்கல் ஜாஸ்தி.

மாசி மாதம் ஒரு பெரிய வீட்டின் முற்றத்தை ஒதுக்கும்போது வட்டமான பாறை மூடி தட்டுப்பட்டது. நகர்த்தினால் கிணறு. கல் கட்டிய, வாய் குறுகிய, வறண்ட கிணறு. மேலேயிருந்து விளக்கடித்துப் படம் எடுத்தார்கள். அடியில் எலும்புகள் தெரிந்தன. இறங்கி அளவு பிடிக்க ஒல்லியான ஆள், கிணறு பழகிய ஆள் வேண்டும் என்றார்கள். முத்தமிழ்செல்வன் யோசிக்காமல் இவனைக் கைகாட்டினான். எதையும் தொடாதே, ஒரு சொட்டுத் தண்ணீர் எலும்பின் மேல் படக் கூடாது என்று நாலு தடவை சொல்லி, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள்.

கீழே காற்று அசையவில்லை. மணல் வெளுத்து மாவாக இருந்தது, கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கியது. பெரியவர்களின் எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. சுவர் ஓரமாக ஒரு சின்னது மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. முதுகைச் சுவரில் சாய்த்து, தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து. மேலேயிருந்து யாராவது ஊற்றுவார்கள் என்று காத்திருந்து அப்படியே போயிருக்கிறது. வாய் நிறையப் பால்பல். மேல்வரிசை முன்பல் இரண்டில் ஒன்று மற்றதன் மேல் லேசாக ஏறியிருந்தது.

அறிவழகனுக்கு ஊரில் அதே வயதில் ஒரு மகள் இருந்தாள், வேணி. அவளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போனில் பார்ப்பதெல்லாம் பார்ப்பதில் சேர்த்தியா? அவன் ஊரில் உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாமல் யாரையும் அனுப்ப மாட்டார்கள். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாத பங்காளி கூட ஓடி வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நகருவான். இந்தப் பிள்ளைக்கு ஒருவரும் ஊற்றவில்லை. இடுப்புப் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. தெரிந்தால் வேலை போகும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மூடியைத் திருகி, அந்த வாயில் கொஞ்சமாக ஊற்றினான். ஊற்றும்போது ஒரு பேர் சொல்ல வேண்டும். அவனுக்கு வந்தது ஒரே பேர்தான்.

"குடிம்மா... வேணி... குடி."

தண்ணீர் கீழே வழியவில்லை. தாடைக்கு அடியில் மணல் நனையவில்லை. ஊற்றியது எங்கே போனது என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. கயிற்றை ஆட்டினான், மேலே இழுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தபோது அவன் மனைவி வெற்றிச்செல்வி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"மத்தியானம் தூங்குனவ அழுதுகிட்டே எந்திரிச்சா. நீங்க வந்து தண்ணி ஊத்துனீங்களாம். வாயெல்லாம் மண்ணா இருக்குன்னு துப்பிக்கிட்டே கெடந்தா."

அவன் சிரிக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நினைத்தான். அந்த வருஷத் தோண்டலை முடித்து, எலும்பைப் பற்றித் தெரிந்தவர்கள் அடுத்த குளிர் காலத்தில் வரட்டும் என்று கிணற்றை அதே பாறையால் மூடிவிட்டார்கள். சித்திரையில் அவன் ஊருக்கு வந்துவிட்டான்.

வந்த முதல் வாரம் திருவிழா போல இருந்தது. வேணி அவன் கழுத்தை விட்டு இறங்கவில்லை. அவளுடைய மேல் முன்பல் இரண்டும் அந்த வாரத்தில்தான் அடுத்தடுத்து விழுந்தன. சாண உருண்டைக்குள் வைத்து இரண்டு பேரும் ஓட்டின் மேல் எறிந்தார்கள். சீக்கிரம் முளைக்கும் என்று அவன் சொன்னான். அந்த ஓட்டை வாயைக் காட்டி அவள் சிரித்த சிரிப்பு ஒரு போட்டோவாக இன்னும் அவன் போனில் இருக்கிறது. ஒன்றுதான் அவனை உறுத்தியது. பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு டம்ளர், இன்னொரு டம்ளர், மறுபடி ஒன்று. மாசியில் இருந்தே இப்படித்தான் என்று வெற்றிச்செல்வி சொன்னாள். வெயில் காலம், குடிக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

பிறகு குடம் காலியாகத் தொடங்கியது.

அவர்கள் வீட்டில் தண்ணீர்க் குடத்தைக் காலியாக விட மாட்டார்கள். வெற்றிச்செல்வியின் அண்ணன் தர்மன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், மூன்று நாளைக்கு ஒரு முறை வந்து ஊருக்கு ஊற்றிவிட்டுப் போவான். அதில் பிடித்த எவர்சில்வர் குடம் சமையலறையில் நிற்கும். சாப்பிட்டுப் படுக்கும்போது நிறைந்திருந்த குடம், வெயில் தாழ எழுந்து பார்த்தால் காலி. மூடி மூடியபடி இருக்கும். மேலே கவிழ்த்த டம்ளர் கவிழ்த்தபடி இருக்கும். முதல் நாள் வெற்றிச்செல்வி அவனைச் சந்தேகப்பட்டாள், இரண்டாம் நாள் அவன் பூனையைச் சந்தேகப்பட்டான். குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று வெளியே கொண்டுபோய்த் தட்டிப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. தரையில் ஈரமும் இல்லை.

டம்ளரின் உட்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது.

குடத்துக்கு அடியில் ஒரு நாள் கொஞ்சம் மண் கிடந்தது. வெற்றிச்செல்வி கூட்டித் தள்ளப் போனாள். அறிவழகன் கையால் தடுத்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் சிவப்பாகத்தான் வரும். இது வெளுப்பு. மாவு. அவன் விரலுக்கு அது நன்றாகத் தெரிந்த மணல்.

வேணி இளைத்துக்கொண்டே போனாள். உதடு வெடித்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. அரியலூரில் டாக்டரிடம் காட்டினார்கள். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவரே இரண்டு தடவை பார்த்துச் சொன்னார். உடம்பில் நீர்ச்சத்து மட்டும் இல்லை என்று பாட்டில் ஏற்றினார்கள். மெதுவாக இறங்க வேண்டிய பாட்டில், நர்ஸ் அந்தப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் காலியாக இருந்தது. அந்த அம்மாள் ஊசியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், படுக்கையைத் தடவிப் பார்த்தார். எங்கும் சிந்தவில்லை. பிள்ளையின் நாக்கு காய்ந்தே இருந்தது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில், அவன் மடியில் படுத்துக்கொண்டு வேணி மெல்லச் சொன்னாள்.

"குடிக்கிறேன்ப்பா... எனக்கு வர மாட்டேங்குது."

"யாருக்குடா போவுது?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி போய் வெளுத்த மரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

அறிவழகனுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மறுநாள் தர்மனின் லாரியில் ஏறி உட்கார்ந்து, பாலைவனக் கிணற்றில் நடந்ததை முழுதும் சொன்னான். தர்மன் வாயாடி, எதற்கும் கிண்டல் செய்கிறவன். இதற்குக் கிண்டல் செய்யவில்லை. வண்டியை ஓரங்கட்டினான்.

"மாப்ள, ஊத்தறப்ப பேரு சொன்னியா?"

"ம்."

"அது பேரு ஒனக்கு எப்படித் தெரியும்? என்ன பேரு சொன்ன?"

அறிவழகன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தர்மனுக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

வாயில் ஊற்றிவிட்டால் உறவு, உறவானால் கருமாதி செய்து அனுப்ப வேண்டும். நீ ஊற்றியதோடு விட்டுவிட்டாய், அது போக வழி தெரியாமல் உன் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றான் தர்மன். வருகிற அமாவாசைக்குக் கொள்ளிடத்துக்குப் போய்க் காரியம் செய்துவிடலாம், அந்தப் பேரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பேர் சொல்லி அனுப்பிவிடலாம், அதுவரைக்கும் மத்தியானத்தில் பிள்ளையைத் தனியாக விடாதே என்றான். அமாவாசைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

அறிவழகன் காவல் இருந்தான். மத்தியானம் சமையலறை வாசலில் பாயைப் போட்டு, பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்து, குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். அவன் விழித்திருக்கும் வரை ஒன்றும் நடக்கவில்லை. கண் ஒரு நொடி செருகினால்...

கடக்... கடக்... கடக்...

சின்னத் தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம். கண்ணைத் திறந்தால் நின்றுவிடும்.

அமாவாசைக்கு முந்தைய நாள். தர்மனின் லாரி வந்திருந்தது. வெற்றிச்செல்வி குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போயிருந்தாள். வெயிலில் கண் கூசியது. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. அறிவழகன் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்போது தூங்கினான் என்று அவனுக்குத் தெரியாது.

விழித்தபோது பாய் காலியாக இருந்தது.

போனைப் பார்த்தான். பன்னிரண்டு இருபது. குடத்தின் மூடி கழற்றித் தரையில் வைக்கப்பட்டிருந்தது. இதுவரைக்கும் அப்படி நடந்ததில்லை. குடத்துக்குள் ஒரு சொட்டு இல்லை.

குடத்தடியிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் வெளுத்த மணல். அதில் சின்னப் பாதங்கள்.

ஒரு ஜோடி இல்லை. இரண்டு ஜோடி.

பக்கத்துப் பக்கத்தில்... கைகோத்துக்கொண்டு போன மாதிரி.

கொல்லையில் பழைய கிணறு இருக்கிறது. போன வருஷமே வற்றிவிட்டது. பிள்ளைகள் விழக் கூடாதென்று மேலே முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். முள் ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. தடம் கிணற்று மேட்டில் ஏறி... அங்கே முடிந்தது.

"வேணி!"

எட்டிப் பார்த்தான். வெயில் நேர்செங்குத்தாக அடிவரைக்கும் விழுந்திருந்தது. அவள் அடியில் உட்கார்ந்திருந்தாள். சுவர் ஓரமாக. முதுகைச் சாய்த்து. தலையை அண்ணாந்து.

வாய் திறந்திருந்தது.

அவன் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே நினைவில்லை. சுவரில் பதித்திருந்த கம்பிகள் சுட்டன. காலை அடியில் வைத்தான். கணுக்கால் வரை இறங்கியது. தன் வீட்டுக் கிணற்றின் அடிமண் சேறு காய்ந்த கட்டி என்று அவனுக்குத் தெரியும். தூர் வாரியவனே அவன்தான்.

இது மாவாக இருந்தது.

அதை நினைக்க நேரமில்லை. பிள்ளையின் கண் பாதி மூடியிருந்தது. மார்பு அசைகிறதா என்று தெரியவில்லை. பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. மூடியைத் திருகினான். திறந்த வாயில் ஊற்றினான்.

"வேணி... குடிம்மா. குடி."

கடக்... கடக்... கடக்.

அவள் குடித்தாள். கண்ணைத் திறந்தாள். கையால் பாட்டிலை மெல்லத் தள்ளிவிட்டாள்.

"போதும்."

மாசியிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சொல் அது. அவன் ஓவென்று அழுதான். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து ஏறினான். பாதிக் கிணறு ஏறியிருப்பான்.

கீழேயிருந்து...

"அப்பா... எனக்கு வரல..."

எதிரொலி என்று நினைத்தான். தோளில் கிடக்கிற பிள்ளை முனகியது சுவரில் பட்டு வருகிறது. அப்படித்தான் நினைத்தான். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கம்பி... குனிந்து பார்க்க முடியாது.

அவன் பார்க்கவில்லை.

மேலே வந்தபோது வெற்றிச்செல்வியும் தர்மனும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றோடு தாகம் நின்றது. குடம் காலியாவதும் நின்றது. பிள்ளை சோறு சாப்பிட்டாள், தூங்கினாள், உடம்பு தேறினாள். அமாவாசை வந்து போனது. காரியம் செய்ய வேண்டாமா என்று தர்மன் கேட்டபோது, எல்லாம் சரியாகிவிட்டதே, எதற்குக் கிளற வேண்டும் என்று வெற்றிச்செல்வி சொல்லிவிட்டாள். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு முடியிறக்கிவிட்டு வந்தார்கள். பஞ்சாயத்தில் சொல்லி, வற்றின கிணற்றைக் கான்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். அறிவழகனே முன்னால் நின்று மூட வைத்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள் இருந்தன. பிள்ளைக்குப் பேச்சு குறைந்துவிட்டது. படித்த எழுத்தெல்லாம் மறந்துபோயிருந்தது. விடுமுறையில் மறந்திருக்கும் என்று டீச்சர் சொன்னார். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அதன் முன்னால் போய் உட்கார்ந்து, தண்ணீர் நிற்கும் வரை கண் கொட்டாமல் பார்ப்பாள். நிற்கிற நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க அறிவழகனுக்குப் பயமாக இருக்கும். கிணற்றிலிருந்து வந்த பிறகு ஒரு தடவை கூட அவள் அவனை அப்பா என்று கூப்பிடவில்லை.

விழுந்த பல் முளைத்துவிட்டது. கிணற்றுக்குள் விழுந்த நாளில் ஈறில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் தெரிந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் முழுப் பல். வெற்றிச்செல்விக்குப் பெருமை.

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மொளச்சிருக்கு பாருங்க. பெரிய புள்ளயானா கிளிப் போட்டுக்கலாம்."

அறிவழகன் பார்த்தான். சின்னப் பல். பால்பல் அளவுதான். மேல்வரிசையில் ஒன்று மற்றதன் மேல் லேசாக ஏறியிருந்தது. அவன் எழுந்து வெளியே போய் வெகுநேரம் முந்திரிக் காட்டில் நின்றுகொண்டிருந்தான். மனசு எதையோ சொல்ல வந்தது. அவன் சொல்ல விடவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் முத்தமிழ்செல்வனிடமிருந்து போன் வந்தது. அவன் அங்கேயே தங்கி வேலை பார்க்கிறான். குரலில் எரிச்சல் இருந்தது. கிணற்றை மறுபடி திறந்து எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். அந்தச் சின்னப் பிள்ளையின் மேல் முன்பல் இரண்டும் இல்லையாம். போன மாசியில் மேலேயிருந்து எடுத்த படத்தில் இருக்கிறதாம். நடுவில் அந்தக் கிணற்றில் இறங்கியது நீ ஒருவன்தான், எடுத்தாயா என்று கேட்கிறார்கள் என்றான்.

"நான் எடுக்கலடா."

"தெரியும்டா. அப்பறம் பல்லுக்குன்னு ஒரு டாக்டரம்மா வந்து பாத்துச்சு. யாரும் புடுங்கலயாம். தானா விழுந்ததாம். உயிரோட இருக்கறப்பவே. அடியில புதுப் பல்லு இப்பதான் வெளிய எட்டிப் பாக்குதாம்... ஆனா எலும்பு ரெண்டாயிரம் வருஷத்து எலும்புதானாம். அவங்களுக்கே தல சுத்துது."

அறிவழகன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"வாயி?"

"என்ன வாயி?"

"மூடியிருந்துச்சா... திறந்திருந்துச்சா?"

"திறந்துதான். மேல பாத்துகிட்டு. பெட்டியில போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஏன்டா?"

அவன் போனை வைத்தான். திரும்பினான். சமையலறை வாசலில் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். வாய் நிறையப் பல்.

இதை அவன் வெற்றிச்செல்வியிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வான்? அவள் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறாள், சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். தர்மனிடம் மட்டும் சொன்னான். தர்மன் அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு லாரி கொண்டுவருவதில்லை, வேறு ஆளை அனுப்புகிறான். வெற்றிச்செல்வி வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் அறிவழகன் தனியாகப் போய்க் கடப்பாரையால் கான்கிரீட் பலகையைப் புரட்டி, டார்ச் அடித்துப் பார்த்தான். அடியில் காய்ந்த சேற்றுக் கட்டி. செம்மண். ஒரு பிடி வெள்ளை மணல் கூட இல்லை.

இப்போதும் அவன் தினமும் மத்தியானம் குடத்தை வழிய வழிய நிரப்புகிறான். மூடி போடுவதில்லை. பக்கத்தில் டம்ளரை நிமிர்த்தி வைக்கிறான். வேணி என்று மெதுவாக ஒரு தடவை கூப்பிடுகிறான். கூடத்தில் விளையாடிக்கொண்டிருப்பவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு குடத்துக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். முன்பு எந்தச் சத்தத்துக்குப் பயந்தானோ அந்தச் சத்தம் ஒரே ஒரு முறை கேட்டால் போதும் அவனுக்கு.

வெயில் தாழ்ந்ததும் எழுந்து பார்க்கிறான்.

குடம் நிறைந்தபடியே இருக்கிறது.